வியட்நாமின் 'ஃபோ': பிறந்த கதையும் சாப்பிடும் முறையும்

புதுச்சேரியில் சைகோன் போய்வந்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு 'ஃபோ' என்ற பெயர் புதிதல்ல. எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து வடித்த தெளிந்த சாறு, அதில் அரிசி மாவில் செய்த பட்டையான நூடுல்ஸ், மேலே மெல்லிய இறைச்சித் துண்டுகள். வியட்நாமியருக்கு இது காலைப் பலகாரம். ஆயிரம் ஆண்டுப் பழைய உணவு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இதன் வயது நூற்றைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனோயிலும், அதற்குத் தெற்கே நாம் தின் பகுதியிலும் இது உருவானது. அந்நாட்டு விவசாயிக்கு மாடு உழவுக்கு உரியது. அடித்துச் சாப்பிடுவது அரிது. பிரெஞ்சுக்காரர்கள் வந்தபின் மாட்டிறைச்சி விற்பனை கூடியது. கறி அவர்களுக்குப் போக, எலும்பு மலிவாகக் கிடைத்தது. தெருவியாபாரிகள் அதைச் சாறாக்கி, தோளில் தண்டு வைத்துச் சுமந்து விற்றார்கள்: ஒரு பக்கம் அடுப்பும் பானையும், மறுபக்கம் நூடுல்ஸும் கிண்ணங்களும்.

பெயரில் ஒரு வழக்கு உண்டு. பிரெஞ்சு 'போ-தோ-ஃபெ' என்ற மாட்டிறைச்சிச் சூப்பின் கடைசி அசையே இது என்பார்கள் சிலர். இரண்டிலும் வெங்காயத்தைச் சுட்டுப் போடும் பழக்கம் அதற்குச் சாட்சி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்த வாதம் கேட்க இனிக்கிறது. ஆனால் அன்னாசிப்பூவும் பட்டையும் அரிசி நூடுல்ஸும் பிரெஞ்சுப் பானையில் ஏது? சீனர்கள் நூடுல்ஸைக் குறிக்கும் 'ஃபன்' என்ற சொல்லே மூலம் என்பது மறுதரப்பு. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

1954இல் ஜெனீவா உடன்பாட்டால் நாடு இரண்டானது. வடக்கிலிருந்து எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெற்கே குடிபெயர்ந்தார்கள். ஃபோவும் கூடவே போனது. சைகோன்காரர்கள் அதில் பயறு முளையும், திருநீற்றுப்பச்சிலை இனத்து இலையும், இனிப்பான குழம்பும் சேர்த்துக்கொண்டார்கள். வெங்காயத்தாளோடு நிறுத்திக்கொள்ளும் ஹனோய்க்காரருக்கு இன்றும் அது பிடிப்பதில்லை.

போர்க்காலத்தில் ஹனோயின் அரசுக் கடைகளில் இறைச்சி இல்லாத ஃபோதான் கிடைத்தது. அமெரிக்காவின் ஆளில்லா வேவு விமானங்கள் தலைக்குமேல் பறந்த காலம் அது. மக்கள் அந்தச் சூப்புக்கு 'ஆளில்லாத ஃபோ' என்று பெயர் வைத்தார்கள்! பசியிலும் கேலி போகவில்லை. 1975இல் சைகோன் வீழ்ந்தபின் அகதிகளோடு இந்த உணவு பாரிசுக்கும் கலிபோர்னியாவுக்கும் போய்ச் சேர்ந்தது.

இனி, சாப்பிடும் முறை. பெயரைச் சொல்லும்போது கேள்வி கேட்பதுபோல் குரலைத் தாழ்த்தி ஏற்ற வேண்டும். கிண்ணம் வந்ததும் எதையும் சேர்க்காமல் முதலில் இரண்டு கரண்டி சாறு குடியுங்கள். சமைத்தவர் கைப்பக்குவம் அதில்தான் தெரியும். பிறகு எலுமிச்சையும் மிளகாயும் ருசிக்கேற்ப. இலைகளைக் கிள்ளிப் போடுங்கள். வலக்கையில் குச்சிகள், இடக்கையில் கரண்டி. ஆற விட்டால் நூடுல்ஸ் ஊறிக் குழைந்துவிடும். பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கோழி ஃபோ கேட்கலாம். அதுவும் ஹனோயில் 1930களின் இறுதியிலேயே வந்துவிட்டதுதான்.