தனி இசைக் கலைஞர் மேலாளர்

தனி இசைக் கலைஞர் மேலாளர் என்பவர், திரைப்பட நிறுவனம் அல்லது பெரிய இசைத்தட்டு நிறுவனம் எதனையும் சாராது இயங்கும் பாடகர், இசைக்குழு, நாட்டுப்புறக் கலைஞர் ஆகியோரின் சார்பில் நிகழ்ச்சி, வருமானம், ஒப்பந்தம், உரிமை ஆகியவற்றைக் கவனிப்பவர் ஆவார். ஒரு நிகழ்ச்சியை முடித்துக் கொடுத்துத் தரகு பெறுவதோடு தரகரின் வேலை முடிந்துவிடும். மேலாளரோ கலைஞரின் தொழில் முழுவதற்கும் நெடுங்காலப் பொறுப்பேற்கிறார். கலைஞருக்கு உரிய பணம் பெரும்பாலும் இவர் கை வழியாகவே செல்வதால், கணக்கும் எழுத்து மூலமான உடன்பாடும் இப்பணியின் அடிப்படையாகும்.

வரலாறு

தமிழ்நாட்டில் இப்பணியைத் தொடக்கத்தில் குடும்பத்தினரே செய்து வந்தனர். எம். எஸ். சுப்புலட்சுமியை 1940 இல் மணந்த தி. சதாசிவம், கச்சேரி ஏற்பாடு முதல் பாடல் தேர்வு வரை அனைத்தையும் கவனித்தார். பல கச்சேரிகளின் வருவாய் அறப்பணிகளுக்கு அளிக்கப்பட்டதும் இவரது ஏற்பாட்டினாலேயே. 1997 இல் சதாசிவம் மறைந்த பின் சுப்புலட்சுமி பொதுக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார்.

மேலைநாடுகளில் பிரையன் எப்ஸ்டீன் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவர். லிவர்பூல் நகரில் குடும்பத்தின் இசைத்தட்டுக் கடையை நடத்திவந்த இவர், 1961 இறுதியில் பீட்டில்ஸ் குழுவினரைக் கண்டு, முன் அனுபவம் ஏதுமின்றி 1962 இல் அவர்களின் மேலாளரானார். குழுவை உலகப் புகழ் பெறச் செய்தவர் இவரே. எனினும், குழுவின் பெயரில் பொம்மை, உடை முதலிய பொருட்களை விற்கும் உரிமத்தை வழங்கியபோது, வருவாயில் 90 விழுக்காட்டை உரிமம் பெற்றவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். சந்தை மதிப்பை அறியாது செய்த இவ்வொப்பந்தம், புதிய மேலாளர்களுக்கு எச்சரிக்கையாகக் கூறப்படுவது வழக்கம்.

தேனி மாவட்டம்

தேனி மாவட்டத்தில் இப்பணிக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் ஆவார். பாடலாசிரியரும் பாடகருமான இவர், தம் தம்பியரைக் கொண்டு 'பாவலர் பிரதர்ஸ்' என்னும் இசைக்குழுவை நடத்தினார். இக்குழு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பெரிதும் பாடியது. 1958 இல் நடைபெற்ற தேவிகுளம் இடைத்தேர்தலில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மிகுந்த மலைப்பகுதியில் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காக வரதராசன் பாடினார். அவர் வெற்றி பெற்றார். ஏறத்தாழ 14 வயதில் குழுவில் சேர்ந்த தம்பி இளையராஜா, 1960களின் இறுதியில் சென்னை செல்லும் வரை அதில் இயங்கினார். இக்குழுவில் கலைஞரும் தலைவரும் ஒருவரே. மேலாளர் என்று தனியே ஒருவர் இல்லை.

ஆண்டிபட்டி வட்டாரத்தின் நையாண்டி மேளம், கரகாட்டம் போன்ற கலைகளிலும் குழுத் தலைவரே நிகழ்ச்சிகளை ஒப்புக்கொள்வது மரபு. வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுத்து நாள் குறிப்பர். பங்குனி, சித்திரை, வைகாசி மாதக் கோயில் திருவிழாக்களே முதன்மையான பருவம். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வாய்ப்புகள் குறையும். மூன்று மாத வருமானத்தை ஆண்டு முழுமைக்கும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால், பருவம் அல்லாத காலத்தில் கல்லூரி விழா, அரசு விழா, ஒலிப்பதிவு ஆகியவற்றைத் தேடுவது மேலாளரின் முக்கிய வேலையாகிறது. 2007 இல் தொடங்கப்பட்ட சென்னை சங்கமம் விழா, ஊர்க் குழுக்களுக்குத் தலைநகரில் மேடையளித்தது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் அதே ஆண்டில் அமைக்கப்பட்டது. அதில் கலைஞர்களை உறுப்பினராகப் பதிவு செய்ய உதவுவதும் மேலாளர் செய்யக்கூடிய பணியே.

தொடக்கநிலைப் பணிகள்

புதிதாகத் தொடங்கும் மேலாளர் ஒன்று அல்லது இரண்டு கலைஞர்களுடன் தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது. அவர் முதலில் செய்ய வேண்டியவை பின்வருமாறு:

1. கலைஞரின் அறிமுகக் குறிப்பு, ஒளிப்படங்கள், ஓரிரு நல்ல ஒளிப்பதிவுகள் ஆகியவற்றைத் தொகுத்தல்.
2. ஒவ்வொரு பாடலுக்கும் இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர், வாசித்தவர் யார் என்பதைப் பதிவு செய்தல்.
3. நிகழ்ச்சி நாட்காட்டி ஒன்றைப் பேணி, ஒரே நாளில் இரு ஊர்களுக்கு ஒப்புக்கொள்ளாது காத்தல்.
4. முன்பணம், மீதித் தொகை தரும் நேரம், பயணம், உணவு, தங்குமிடம், நிகழ்ச்சி நின்றுபோனால் செய்ய வேண்டியவை ஆகியவற்றை ஒரு பக்க அளவிலேனும் எழுதி இரு தரப்பும் கையொப்பமிடல்.
5. காவல்துறை அனுமதியை விழாக் குழுவினர் பெற்றுள்ளனரா என உறுதி செய்தல். 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, சிறப்பு விலக்கு இல்லாவிடில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தலாகாது.
6. வரவு செலவைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னும் கலைஞருக்குக் கணக்குக் காட்டல்.

ஊதியம்

மேலாளரின் ஊதியம் பொதுவாக வருமானத்தில் 15 முதல் 20 விழுக்காடு ஆகும். இந்த விழுக்காடு எதன் மீது கணக்கிடப்படுகிறது என்பது மிக முக்கியமானது. எடுத்துக்காட்டாக, ஆண்டிபட்டியைச் சேர்ந்த ஆறு பேர் கொண்ட குழு ஒன்று மதுரையில் நடத்தும் நிகழ்ச்சிக்கு 40,000 ரூபாய் பெறுவதாகவும், வேன் வாடகை, உணவு, ஒலியமைப்பு ஆகியவற்றிற்கு 16,000 ரூபாய் செலவாவதாகவும் கொள்வோம். 15 விழுக்காட்டை மொத்தத் தொகையின் மீது கணக்கிட்டால் மேலாளருக்கு 6,000 ரூபாயும், கலைஞர் ஒவ்வொருவருக்கும் 3,000 ரூபாயும் கிடைக்கும். செலவு போக எஞ்சியதன் மீது கணக்கிட்டால் மேலாளருக்கு 3,600 ரூபாயும், கலைஞருக்கு 3,400 ரூபாயும் கிடைக்கும். இரண்டும் வழக்கில் உள்ள முறைகளே. எந்த முறை என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளாவிடில் பின்னர் பிணக்கு நேரும்.

சட்ட நிலை

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இன் பார்வையில் மேலாளர் ஒரு முகவர் ஆவார். கலைஞர் கேட்கும்போது முறையான கணக்கைக் காட்டுவது அவரது கடமை என 213 ஆம் பிரிவு கூறுகிறது. கலைஞரின் பேரில் பெற்ற தொகையில், தமக்கு உரிய ஊதியத்தையும் செலவையும் கழித்துக்கொண்டு மீதியை ஒப்படைக்க வேண்டும். கலைஞருக்குத் தெரியாமல் விழாக் குழுவிடம் தனியே ஆதாயம் பெற்றால், அதனைக் கோரும் உரிமை கலைஞருக்கு உண்டு.

18 வயது நிறையாதவருடன் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. எனவே சிறுவர் பாடகர்களின் வகையில் பெற்றோருடனேயே உடன்பாடு செய்யப்படுகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் கலைஞர் வேறெங்கும் பாடக்கூடாது எனத் தடுக்கும் விதி 27 ஆம் பிரிவின்படி செல்லாது.

சரக்கு மற்றும் சேவை வரி 2017 இல் நடைமுறைக்கு வந்தபோது, நாட்டுப்புற, செவ்வியல் கலை நிகழ்ச்சிகளுக்குக் கலைஞர் பெறும் கட்டணம் 1,50,000 ரூபாய் வரை விலக்களிக்கப்பட்டது. இவ்விலக்கு கலைஞருக்கு உரியது. மேலாளரின் கட்டணத்திற்குப் பொருந்தாது.

பதிப்புரிமை

ஒரு பாடலில் வரி, இசை, ஒலிப்பதிவு ஆகிய மூன்றிற்கும் தனித்தனியே உரிமை உண்டு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. இது பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி எனப்படும் உரிமைத்தொகையில் தமக்குள்ள சமபங்கை, சட்டப்படியான வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்திற்கோ அன்றி வேறெவருக்கும் எழுதிக்கொடுக்க இயலாது. இத்தொகையைத் திரட்டித் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் 1969 முதல் இயங்குகிறது. மரபான நாட்டுப்புறப் பாடல் எவருக்கும் தனியுடைமை அன்று; ஆனால் அதனைப் பாடியவரின் நிகழ்த்துநர் உரிமை அவருக்கே உரியது. ஒலிப்பதிவுக்கு வந்தவருக்குச் சிறு தொகை கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் உள்ள இடங்களில் மேலாளர் இதனை வலியுறுத்த வேண்டியுள்ளது.

அண்மைக்கால நிகழ்வு

அறிவு, தீ ஆகியோர் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்து 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' யூடியூபில் பல கோடி முறை பார்க்கப்பட்டது. பாடல் உருவாக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது குறித்து 2022 இல் கருத்து வேறுபாடு எழுந்தது. 2024 மார்ச்சில், அப்பாடலால் தங்கள் மூவருக்கும் வருமானம் ஏதும் வரவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். வெளியீட்டு நிறுவனம் இதனை மறுத்தது. பெரும் வெற்றி பெற்ற பாடலிலும் பெயர்க் குறிப்பும் வருமானக் கணக்கும் சிக்கலாகக் கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. பாடல் வெளியாகும் முன்பே பங்கு விழுக்காட்டை எழுதி அனைவரிடமும் கையொப்பம் பெறுவது, ஊர் மேளக் குழுவின் மேலாளருக்கும் உலகப் புகழ் பெற்ற பாடகரின் மேலாளருக்கும் பொதுவான முதற்பணியாகும்.