மண்கோட்டையும் திரைக்கோட்டையும்: பாஞ்சாலங்குறிச்சியின் உருவம் மாறிய வரலாறு

1801-இல் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய கும்பெனிப் படையில் இருந்தவர் ஜேம்ஸ் வெல்ஷ். 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் கோட்டையின் அளவுகளை அவர் எழுதிவைத்தார். இரு பக்கம் ஏறத்தாழ 500 அடி, மற்ற இரு பக்கம் 300 அடி, மதில் உயரம் 12 அடி, சிறுசிறு சதுரக் கொத்தளங்கள், சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. முழுக்க முழுக்க மண். ஆனால் அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் தமிழர் மனத்தில் எழுவது வானளாவிய கல்மதிலும் வளைவு வாசலும்தான். அந்த உருவம் எங்கிருந்து வந்தது? சரித்திரப் படத்தின் அரங்க அமைப்பை எதை வைத்து எடைபோடுவது? இவற்றையே இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் மண்ணின் வலிமை. கல்மதிலில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் உடைந்து சிதறும். நன்கு குழைத்து இறுகிய மண்ணில் குண்டு புதைந்துபோகும். 1799-இல் கும்பெனித் தளபதி பானர்மன் பிடித்த கோட்டை அழிக்கப்பட்டது. அதன் பாளையக்காரர் கட்டபொம்மன் அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரை சில நாட்களிலேயே கோட்டையை மீண்டும் எழுப்பிவிட்டார். கல்லில் இது நடக்கிற காரியமா? மார்ச் 31-இல் வந்த தாக்குதலை அந்த மண் தாங்கியது. மே 24-இல்தான் வீழ்ந்தது. ஆகவே மண் அங்கே வறுமையின் அடையாளம் இல்லை, போர் அறிவு.

கதைப்பாடலாகவும் கூத்தாகவும் கட்டபொம்மன் உலவிய காலத்தில் கோட்டைக்குச் சுவர் தேவைப்படவில்லை. கேட்பவர் மனமே கட்டிக்கொண்டது. நாடகக் கம்பெனிகள் வந்ததும் நிலைமை மாறியது. தர்பார், காடு, தெரு என்று வரைந்து தொங்கவிட்ட படுதாக்கள் எந்த நாட்டு மன்னனுக்கும் ஒரே அரண்மனையைத் தந்தன. அப்படிப் படுதா எழுதியவர்களில் ஒருவரான கொண்டையராஜு இதே வட்டாரத்துக் கோவில்பட்டியில்தான் தங்கினார். பின்னாளில் அவருடைய ஓவியங்கள் காலண்டர்களாக வீடுதோறும் தொங்கின. தூணும் திரைச்சீலையும் பளபளக்கும் அந்த அரண்மனையே ‘ராஜா வீடு’ என்று நம் கண் பழகியது அப்படித்தான்.

கட்டபொம்மனைச் சிவாஜி கணேசன் 1957-இல் மேடையேற்றினார். 1959-இல் பி.ஆர்.பந்துலு அதைப் படமாக்கினார், ஒளிப்பதிவு டபிள்யூ.ஆர்.சுப்பாராவ். கேவா கலரில் எடுத்து, லண்டனில் டெக்னிகலர் பிரதிகள் போட்டார்கள். போர்க்காட்சிகளுக்கு ஜெய்ப்பூர் போனார்கள். வண்ணத்துக்கு ஏற்ற இடம்தான்: குன்றின்மேல் கோட்டை, குதிரைப் படை, கொளுத்தும் வெயில். ஆனால் கட்டபொம்மனின் பூமி குன்றில்லாத சமவெளி. அங்கே காவல் நின்றவை முள்ளும் மண்ணும் ஆட்களும். ராஜஸ்தானத்துக் கல் திரையில் ஏறியதும் பாளையக்காரர் பேரரசர் ஆகிவிட்டார். சிறிய பாளையம் பெரும்படையை எதிர்த்தது என்ற உண்மையின் கூர்மை மழுங்கிவிட்டது. படத்தின் பெருங்குறை இதுவே என்பது என் கணிப்பு. வசனமும் நடிப்பும் அதை மறக்கச் செய்தன. 1960 கெய்ரோ விழாவில் சிவாஜியின் நடிப்பும் ஜி.ராமநாதனின் இசையும் பரிசு பெற்றன.

அரங்கம் என்றால் பிரம்மாண்டம் என்ற அளவுகோலை ‘சந்திரலேகா’ (1948) முரசு நடனத்தோடு நிலைநாட்டியிருந்தது. அதை விட்டு விலகியவரும் பந்துலுவேதான். பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊரான ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யைப் பற்றி 1961-இல் அவர் எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ கறுப்பு வெள்ளைப் படம். அதில் நெஞ்சில் நிற்பது மாளிகை எதுவுமில்லை, வ.உ.சி. சிறையில் இழுத்த செக்கு. ஒரு பொருள் தன் எடையோடு திரையில் நின்றால் போதும் என்பதற்கு அந்தச் செக்கே சான்று. பின்னர் கலை இயக்குநர் தோட்டா தரணி ‘நாயகன்’ (1987) படத்துக்காகத் தாராவிக் குடிசைகளைச் சென்னையில் எழுப்பித் தேசிய விருது பெற்றார். எட்டயபுரத்துக் கவியின் வாழ்வைச் சொன்ன ‘பாரதி’ (2000) பி.கிருஷ்ணமூர்த்திக்கு அதே விருதைத் தந்தது. ஏழ்மையையும் எளிமையையும் துல்லியமாகக் கட்டுவது கலை என்று ஏற்க நமக்கு அத்தனை ஆண்டுகள் ஆயின.

1974-இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை எழுப்பியது. வெல்ஷ் அளந்த மண்கோட்டையைவிட, திரையில் நாம் பார்த்த கோட்டைக்கே அது நெருங்கிய உறவாகத் தெரிகிறது. பழைய அரண்மனையின் அடித்தளம் அருகிலேயே, முழங்கால் உயரம்கூட எட்டாத சுவர்க்கோடுகளாகக் கிடக்கிறது. வருபவர்கள் நினைவுக் கோட்டையின் ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் அந்தக் கோடுகளையும் ஒருமுறை சுற்றி நடந்து பார்க்க வேண்டும். கட்டபொம்மன் கதையை இனிப் படமாக்குபவரிடம் ஒரே வேண்டுகோள்: 12 அடி உயரத்தில், மண்ணால் கட்டுங்கள்.