அட்டவணையில் இல்லாத தொடர்

2011 நவம்பர் 14 ஆம் திகதி அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி, புத்தாண்டுக்குப் பின்னரான தனது நிகழ்ச்சி அட்டவணையை வெளியிட்டது. வியாழக்கிழமை இரவு 8 மணிக்கு அதுவரை ஒளிபரப்பாகி வந்த 'கொமியூனிட்டி' என்னும் நகைச்சுவைத் தொடரின் இடத்தில் '30 ரொக்' என்று எழுதப்பட்டிருந்தது. கொமியூனிட்டிக்கு வேறு நாளோ நேரமோ குறிக்கப்படவில்லை. தொடர் நிறுத்தப்பட்டதாக எவரும் அறிவிக்கவில்லை. எஞ்சிய அங்கங்கள் பின்னர் ஒளிபரப்பாகும் என்று மட்டும் சொல்லப்பட்டது. எப்போது என்று சொல்லப்படவில்லை.

பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவர்களுக்கு இத்தகைய அறிவிப்பின் பொருள் நன்கு தெரியும். 'இட நெருக்கடி காரணமாக இத்தொடர் இவ்வாரம் இடம்பெறவில்லை' என்ற வரியை நானே எத்தனையோ முறை எழுதி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அவ்வாறு ஒரு வாரம் விடுபட்டவற்றுள் மறுவாரம் திரும்பி வந்தவை மிகச் சில. எழுதியவர் வந்து கேட்கும்போது முகம் பார்த்துப் பதில் சொல்வதுதான் கடினமாக இருக்கும். அதனால்தானோ என்னவோ, கொமியூனிட்டியின் கதை என்னைக் கவர்ந்தது.

இத்தொடரை உருவாக்கியவர் டான் ஹார்மன். 1973 இல் மில்வோக்கி நகரில் பிறந்தவர். கலிபோர்னியாவின் கிளென்டேல் சமுதாயக் கல்லூரியில் வயது கடந்த பின் மாணவராகச் சேர்ந்து, அங்கு ஒரு படிப்புக் குழுவில் இருந்த அனுபவமே தொடரின் கரு. சமுதாயக் கல்லூரி என்பது அமெரிக்காவில் பெருமளவுக்கு ஈராண்டுப் படிப்புகளைக் குறைந்த கட்டணத்தில் வழங்கும் நிறுவனம். பல்கலைக்கழக வாய்ப்பைத் தவறவிட்டவர், குடும்பச் சுமையால் படிப்பை இடையில் விட்டவர், முதுமையில் கற்க வந்தவர் என்று எல்லோரும் ஒரே வகுப்பில் அமரும் இடம். பட்டம் போலியானது என்று வெளிப்பட்டதால் தொழில் செய்யும் உரிமையை இழந்த ஒரு சட்டத்தரணி அங்கு வந்து சேர்வதில் கதை தொடங்குகிறது. 2009 செப்டெம்பர் 17 இல் முதல் அங்கம் ஒளிபரப்பானது. அதனை இயக்கியவர்கள் ரூசோ சகோதரர்கள். பின்னாளில் 'அவெஞ்சர்ஸ்' வரிசையின் இரு பெரும் படங்களை இயக்கியவர்களும் அவர்களே.

சில வாரங்களிலேயே தொடர் இரவு 8 மணிக்கு மாற்றப்பட்டது. அந்த நேரந்தான் அதற்குக் கண்டமாயிற்று. 2010 செப்டெம்பரில் சி.பி.எஸ். நிறுவனம் தனது 'பிக் பாங் தியரி'யை அதே நாளுக்கும் அதே நேரத்துக்கும் கொண்டு வந்தது. 2011 தொடக்கத்தில் பொக்ஸ் நிறுவனம் 'அமெரிக்கன் ஐடல்' போட்டியின் முடிவு நிகழ்ச்சியையும் அங்கேயே வைத்தது. இரண்டு யானைகளுக்கு நடுவே ஓர் ஆட்டுக்குட்டி. 2011 இறுதிப் பகுதியில் கொமியூனிட்டியைப் பார்த்தவர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 40 இலட்சம் பேர். நம்மைப் போன்ற சிறிய நாட்டவருக்கு அது மலைப்பூட்டும் எண்ணிக்கை. 11 கோடிக்கும் மேற்பட்ட தொலைக்காட்சி வீடுகளைக் கொண்ட அந்நாட்டில் அது தோல்வியின் எண்ணிக்கை.

அந்த எண்ணிக்கையும் எப்படிக் கிடைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நீல்சன் என்னும் நிறுவனம் தெரிந்தெடுத்த வீடுகளில் கருவி பொருத்தி, அவற்றிலிருந்து நாடு முழுவதற்கும் கணக்கிடுகிறது. விளம்பரதாரர் விலை பேசுவது 18 முதல் 49 வயது வரையானோரின் கணக்கை வைத்தே. ஆனால், கொமியூனிட்டியின் இரசிகர்களோ பெரும்பாலும் மாணவர்களும் இளைஞர்களும். கணினியிலும் பதிவுக் கருவியிலும் தமக்கு விருப்பமான வேளையில் பார்ப்பவர்கள். வியாழன் இரவு 8 மணிக்குத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமராதவர்கள் அந்தக் கணக்கில் பெரிதாக மதிக்கப்படவில்லை. இரசிகர்கள் இருந்தார்கள், தராசு அவர்களை நிறுக்கவில்லை என்பதே என் கருத்து. ஆயினும் அது முழு உண்மையன்று. முந்தைய அங்கங்களைப் பாராதவருக்குப் பாதி புரியாத தொடர் அது. ஒரே மாலைப்பொழுது ஏழு விதமாக நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று காட்டிய 2011 ஒக்டோபர் 13 ஆம் திகதி அங்கத்தை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். வேலை முடிந்து களைத்து வந்து பெட்டியைத் திறந்த ஒருவர் சில நிமிடங்களிலேயே வேறு அலைவரிசைக்குப் போயிருந்தால் அவரைக் குறை சொல்ல இயலாது.

இரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. தொலைக்காட்சித் தொடருக்காக மக்கள் கிளர்ந்தெழுவது அமெரிக்காவுக்குப் புதிதன்று. 'ஸ்டார் ட்ரெக்' நிறுத்தப்படப் போகிறது என்ற செய்தி பரவியபோது கடிதங்கள் குவிந்தன. 1968 ஜனவரியில் மாணவர்கள் இதே என்.பி.சி.யின் பர்பேங் அலுவலகத்துக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். தொடர் நீடிக்கும் என்று மார்ச் மாதத்தில் ஒளிபரப்பின்போதே அறிவிக்க வேண்டியதாயிற்று. 2007 இல் 'ஜெரிக்கோ' தொடருக்காக சி.பி.எஸ். அலுவலகத்துக்கு ஏறத்தாழ 20 தொன் நிலக்கடலை அனுப்பினார்கள். அதற்குக் கிடைத்தது மேலும் ஏழு அங்கங்கள். கொமியூனிட்டி இரசிகர்கள் 2011 டிசம்பர் 22 அன்று நியூயோர்க்கில் நிறுவனத்தின் தலைமையகம் முன் திரண்டு, தொடரில் வருவது போல ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு நத்தார்ப் பாடல் பாடினார்கள்.

டிசம்பர் 8 இல் பத்தாவது அங்கத்துடன் நின்ற தொடர் 2012 மார்ச் 15 இல் மீண்டும் வந்தது. இடையில் சரியாக 14 வாரங்கள். அன்றிரவு ஏறத்தாழ 49 இலட்சம் பேர் பார்த்தனர். இளவயதினர் கணக்கில் 2.2 புள்ளி. இதோ பிழைத்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். அடுத்தடுத்த வாரங்களில் எண்ணிக்கை பழைய இடத்துக்கே இறங்கியது.

அப்படியிருந்தும் மே 10 அன்று நான்காம் பருவத்துக்கு 13 அங்கங்கள் ஒப்புதல் பெற்றன. இரசிகர்களின் பாட்டுக்காகவா? அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எனினும் கணக்கைப் பார்ப்போம். தொடரைத் தயாரித்தது சோனி நிறுவனம். அமெரிக்க வழக்கப்படி ஒளிபரப்பு நிறுவனம் தரும் கட்டணம் பெரும்பாலும் தயாரிப்புச் செலவை ஈடு செய்வதில்லை. இழப்பைத் தயாரிப்பாளர் பின்னர் மறு ஒளிபரப்பு உரிமையை விற்றே மீட்பார். அந்த விற்பனைக்கு 88 முதல் 100 அங்கங்கள் வரை தேவை என்பது தொழில் வழக்கு. மூன்று பருவங்களில் சேர்ந்திருந்தவை 71. இன்னொரு 13 சேர்ந்தால் 84. கரையைத் தொடும் தூரத்தில் படகைக் கவிழவிட எந்த வணிகரும் விரும்பார். என்.பி.சி.யும் அக்காலத்தில் நான்கு பெரும் வலையமைப்புகளுள் பின்தங்கியிருந்தது. நிச்சயமாக வெல்லும் மாற்றுத் தொடர் எதுவும் அதன் கையில் இருக்கவில்லை.

ஆனால், எட்டே நாட்களில் அடுத்த செய்தி வந்தது. மே 17 இரவு மூன்று அங்கங்கள் ஒரே மூச்சில் ஒளிபரப்பாகிப் பருவம் முடிவடைந்தது. மறுநாள் டான் ஹார்மன் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். டேவிட் குவராசியோ, மோசஸ் போர்ட் என்ற இருவர் அவ்விடத்துக்கு வந்தனர். இது குறித்துத் தன்னிடம் எவரும் பேசவில்லை என்று ஹார்மன் தனது இணையப் பக்கத்தில் எழுதினார். அவர் இலகுவான மனிதரல்லர். மூத்த நடிகர் செவி சேஸ் தொலைபேசியில் விட்டுச்சென்ற வசையைப் பொது மேடையில் ஒலிக்கவிட்டு, பின் அதற்காக வருத்தம் தெரிவித்தவர். ஆயினும், அத்தொடரின் ஒவ்வொரு வரியிலும் அவருடைய கை இருந்தது. குளிரில் நின்று பாடியவர்கள் கேட்டது பெயர்ப்பலகையை அன்று, அவரது தொடரை. அவர்களுக்குக் கிடைத்தது பெயர்ப்பலகை.

2012 ஒக்டோபர் 19 இல் தொடங்குவதாக இருந்த நான்காம் பருவம் பிற்போடப்பட்டு 2013 பெப்ரவரி 7 இல் வந்தது. நடிகர்கள் அவர்களே, அரங்கும் அதுவே. இருந்தும் ஏதோ ஒன்று கூடவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஐந்தாம் பருவத்துக்கு ஹார்மன் திரும்ப அழைக்கப்பட்டார். தானில்லாத அந்த ஆண்டை, கல்லூரியில் வாயு கசிந்த ஆண்டு என்று பாத்திரங்களின் வாயாலேயே கேலி செய்ய வைத்தார். எழுத்தாளனைப் பகைத்துக்கொண்டால் இதுதான் நடக்கும்.

2014 மே 9 இல் என்.பி.சி. தொடரை நிறுத்தியது. அப்போது சேர்ந்திருந்தவை 97 அங்கங்கள். ஜூன் 30 இல் யாஹூ நிறுவனம் அதனை எடுத்து, 2015 இல் தனது இணையத் தளத்தில் இன்னும் 13 அங்கங்களை வெளியிட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில், கொமியூனிட்டி உள்ளிட்ட மூன்று தொடர்களின் பொருட்டு 4 கோடியே 20 இலட்சம் டொலரை இழப்பாக எழுத வேண்டியிருந்ததாக யாஹூ கூறியது. 2016 தொடக்கத்தில் அதன் காணொளித் தளமே மூடப்பட்டது.

இத்தொடர் ஆறு பருவம் ஓடி ஒரு திரைப்படமாகவும் வரும் என்பது இரசிகர்களின் முழக்கமாக இருந்தது. அதன் மூலமே ஒரு கேலிதான். 2011 இல் என்.பி.சி. வெளியிட்ட 'தி கேப்' என்ற தொடரைப் பற்றி கொமியூனிட்டியின் பாத்திரமொன்று அப்படி ஆரூடம் சொன்னது. 'தி கேப்' பத்து அங்கங்களுடன் மறைந்தது. ஆரூடமோ சொன்னவர்கள் பக்கம் திரும்பியது. ஆறு பருவங்கள் நிறைவேறின. திரைப்படம் தயாரிக்கப்படும் என்று 2022 செப்டெம்பர் 30 இல் பீகொக் தளம் அறிவித்தது. 2023 இல் அமெரிக்க எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அதுவும் திகதி குறிக்கப்படாமல் தள்ளிப்போனது.