கடல் நடுவே குடிநீர்

உப்புக்கடல் நடுவே பயணிக்கு உயிர்நிலையாவது கலத்தில் ஏற்றிய நன்னீரே. முற்காலத்தில் அதனை மரப்பீப்பாய்களில் நிரப்பினர். சில வாரங்களில் நீர் பாசிபிடித்து நாறும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை இரும்புத் தொட்டிகளை ஏற்றது. நாற்றம் குறைந்தது, நோய் அகலவில்லை.

நேயர்களே! நம்மைப்போல் ஊர் துறந்து, ஒப்பந்தத் தொழிலாளராகக் கடல் கடந்தோரை எண்ணுங்கள். 1860 அக்டோபரில் சென்னையினின்று புறப்பட்ட 'ட்ரூரோ' 342 பேருடன் நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து வந்த 'பெல்விடீர்' கப்பலிலோ காலரா புகுந்திருந்தது; வழியிலேயே உயிர்கள் மாண்டன.

அந்நோய் நீர்வழிப் பரவுவதென லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ 1850களிலேயே காட்டியிருந்தும், உலகம் ஏற்கத் தயங்கிற்று. 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாக் குளமொன்றில் அக்கிருமியைக் கண்டார். தெளிந்த நீரெல்லாம் தூய நீராகாது என்பது தெளிவாயிற்று.

இன்று கப்பலில் தொட்டியை வடித்துக் கழுவுகின்றனர். நீரில் குளோரின் இட்டுச் சோதிக்கின்றனர். இறுக மூடுவதும் விதியே. கடலோடிகள் உயிர்விலை கொடுத்துக் கற்ற இப்பாடம் டில்லி மாடித் தொட்டிக்கும் பொருந்தும்.