எலும்பில்லாத சாறு: கொல்லிமலையும் கொரியாவும்



வரலாறு எழுதச் சொன்னால் இவர் அடுப்படிக்குள் நுழைகிறாரே என்று நினைக்காதீர்கள். இந்த முறை என்னை வரலாற்றுக்குள் தள்ளியதே எங்கள் வீட்டு அடுப்படிதான்.

மூன்று மாதம் முன்பு வழக்கமான பரிசோதனைக்குப் போனோம். என் மனைவியின் ரத்த அழுத்தம் 160/100 என்று காட்டியது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கிலேயே அடக்கம். வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் பேரேடு கூட்டிய எனக்கு இந்தக் கணக்கு மட்டும் நேராகவில்லை. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பார்கள். எங்கள் வீட்டில் நிஜமாகவே பாதிச் சாப்பாடு குப்பைக்குப் போனது. மனைவி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "பசியில்லீங்க" என்று எழுந்துவிடுவார். இப்படியே போனால் மாத்திரையைத் தாங்க உடம்பில் தெம்பு இருக்குமா என்பதுதான் என் பயம்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் படிக்கும் மகள் வயிற்றுப் பேத்தி லீவுக்கு வந்தாள். பையில் நாலைந்து கொரியன் நூடுல்ஸ் பாக்கெட். ஒன்றை எடுத்துப் பின்பக்கம் படித்தேன். இந்த வகையில் பல பாக்கெட்டுகளில் சோடியம் 1,500 மில்லிகிராமைத் தாண்டும். டாக்டர் சொன்ன 5 கிராம் உப்பில் இருப்பது 2,000 மில்லிகிராம் சோடியம். ஒரு கிண்ணத்திலேயே முக்கால் நாள் கணக்கு முடிந்துவிடுகிறது. "ஏன் கண்ணு, கொரியாக்காரங்க தினமும் இதையா சாப்பிடறாங்க?" என்றேன். "இல்லீங்க அப்புச்சி. வீட்டுல காய்கறி, காளான் போட்டு ஸ்டாக் வைப்பாங்க. அம்மாயிக்கு நான் வெச்சுத் தரட்டுமா?" என்றாள்.

அவள் வைத்ததைக் கடைசியில் சொல்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொரிய மொழியில் ஸ்டாக்கை 'யுக்சு' என்கிறார்கள். நேர் பொருள் 'கறித் தண்ணீர்'. நாம் 'கறிச்சாறு' என்கிறோமே, அதே போலத்தான். ஆனால் சாதாரண வீடுகளில் அன்றாடம் கொதிப்பது ஆட்டெலும்போ மாட்டெலும்போ கிடையாது. காய்ந்த நெத்திலி வகை மீனும் 'தாசிமா' என்ற கடற்பாசியும்தான். சைவம் சாப்பிடுகிறவர்கள் கொரிய ஓட்டலில் 'வெறும் டோஃபு சூப்' என்று நம்பி வாங்கினால், அடியில் கருவாட்டுச் சாறு இருக்கலாம். கேட்டு வாங்குங்கள். மீனும் கறியும் இல்லாத காய்கறிச் சாறுக்குத் தனிப் பெயர் உண்டு: 'சேசு', அதாவது காய்த் தண்ணீர்.

இந்தக் காய்த் தண்ணீரைப் பல நூற்றாண்டு பேணி வளர்த்தது அங்குள்ள புத்த மடங்கள். பௌத்தம் கொரியாவுக்குள் வந்த வருடம் கி.பி. 372. பன்னிரண்டு வருடம் கழித்து, 384-இல், தென்மேற்கிலிருந்த பெக்ஜே நாட்டுக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்தவர் மாரநந்தர் என்ற துறவி. அவர் இந்தியாவிலிருந்து சீனா வழியாக வந்தவர் என்பது கொரிய மரபு. 1392-இல் ஜோசன் அரச வம்சம் ஆட்சிக்கு வந்ததும் கன்ஃபூசிய நெறிக்குத்தான் அரச ஆதரவு. மடங்கள் ஊரை விட்டு மலைகளுக்கு ஒதுங்கின. துறவிகளுக்குக் கறி, மீன் கிடையாது. பூண்டு, வெங்காய வகைகளும் விலக்கு. அப்படியிருக்க ருசிக்கு எங்கே போவது? காளானைக் காய வைத்தார்கள், முள்ளங்கியை வேக வைத்தார்கள், கடற்பாசியை ஊற வைத்தார்கள். அந்தத் தண்ணீரே சமையலுக்கு அடிப்படை ஆனது. பேக்யாங்சா மடத்தைச் சேர்ந்த ஜோங் குவான் என்ற பெண் துறவியின் சமையலை 2017-இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு தொடரில் காட்டியது. அதற்குப் பிறகு மடத்துச் சமையலை உலகமே திரும்பிப் பார்த்தது.

ஏன் ருசிக்கிறது என்பதைப் பிற்பாடுதான் விஞ்ஞானம் சொன்னது. 1908-இல் ஜப்பானியப் பேராசிரியர் கிகுனாயே இகேடா, கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு தவிர இன்னொரு சுவை உண்டு என்று சொல்லி அதற்கு 'உமாமி' என்று பெயரிட்டார். மறு வருடமே அது 'அஜினோமோட்டோ' என்ற பெயரில் கடைக்கு வந்தது. காய்ந்த காளானிலும் இதே சுவையைத் தரும் வேறொரு பொருள் இருப்பதை அகிரா குனினாகா என்ற விஞ்ஞானி 1957-இல் கண்டார். கடற்பாசியும் காளானும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தால் இரண்டின் ருசியும் பல மடங்கு கூடும் என்பதும் அவர் கண்டதே. மடத்துச் சமையல்காரர்களுக்கு நாக்கு சொன்னதை ஆய்வுக்கூடம் உறுதி செய்தது.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஜப்பானிய ருசிப்பொடி அந்தக் காலத்தில் கொரியாவுக்குள் புகுந்தது. விடுதலைக்குப் பின் 1956-இல் 'மிவோன்' என்ற சொந்த ருசிப்பொடி, 1963-இல் முதல் பாக்கெட் நூடுல்ஸ், 1975-இல் 'தாசிதா' என்ற ரெடிமேட் சாறுப் பொடி. இருபது வருடத்துக்குள் மணிக்கணக்கில் வைத்த சாறு ஒரு ஸ்பூன் பொடியில் அடங்கிவிட்டது. 1996-இல் ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்தது. கூடவே கொரியக் குடும்பங்களும் சென்னைக்கு வந்தன, கொரியக் கடைகளும் வந்தன. இன்று பேத்தியின் பையில் பாக்கெட்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் நான் பெருமையாக விவரித்துக்கொண்டிருந்தேன். அன்று ராசிபுரம் பக்கத்திலிருந்து என் அக்காவும் வந்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ஏன்டா, கொல்லிமலைக் கெழங்கை மறந்துட்டயா?"

அட, ஆமாம்! நமக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இதே சாறு கொதிக்கிறது. முடவாட்டுக்கால் கிழங்கைச் சொல்கிறேன். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கோ ஆகாய கங்கைக்கோ போனவர்கள் வழியில் குடித்திருப்பீர்கள். ஏற்காட்டிலும் விற்கிறார்கள். கிழங்கு என்கிறோமே தவிர, பாறையையும் மரத்தையும் பற்றிப் படரும் ஒரு பெரணிச் செடியின் தண்டு அது. மேலே செம்மறியாட்டுத் தோல் மாதிரி பழுப்பு மயிர். அதைச் சுரண்டிவிட்டு, நறுக்கி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் ஆட்டுக்கால் சூப் போலவே இருக்கும். முடவனையும் ஆட்டுவிக்கும் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். மூட்டுவலி தீரும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், ருசிக்காகக் குடியுங்கள்.

இதில் எனக்கு ஆச்சரியம் தந்த செய்தி ஒன்று உண்டு. இந்தப் பெரணியின் தாவரப் பேரினம் 'டிரைனேரியா'. அதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு பெரணியின் தண்டு சீன, கொரிய வைத்தியத்தில் எலும்பு முறிவுக்குத் தரும் மருந்து. கொரியப் பெயர் 'கோல்ஸ்வேபோ'. உடைந்த எலும்பைச் சேர்ப்பது என்று பொருள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு மலைநாட்டு மக்கள், ஒரே குடும்பத்துச் செடியை எலும்போடும் மூட்டோடும் சேர்த்தே நினைத்திருக்கிறார்கள்.

அக்கா அதோடு விடவில்லை. எங்கள் அம்மா காலத்தை எடுத்தார். கொள்ளு வேக வைத்த தண்ணீரை அம்மா ஒருநாளும் கொட்டியதில்லை. பருப்பைக் கடைந்து வைத்துவிட்டு, அந்தத் தண்ணீரில் ரசம் வைப்பார். அரிசி கழுவிய முதல் தண்ணீர் எருமைக்கு, கழனித் தொட்டிக்குப் போகும். இரண்டாவது தண்ணீர் புளி ஊற வைக்கவும் கீரை வேக வைக்கவும். பேத்தி உடனே, "கொரியாவுலயும் அரிசி கழுவின தண்ணியிலதான் சோயா விழுதுக் கொழம்பு வெப்பாங்க அம்மாயி!" என்றாள். என் மனைவி சிரித்தார். அந்த மாதத்தில் சாப்பாட்டு மேஜையில் அவர் சிரித்தது அன்றுதான்.

நம் சாறு கடல் தாண்டிய கதையும் உண்டு. சென்னை ராஜதானியில் இருந்த வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன் சூப் கேட்டார்கள். நம் சமையல்காரர்கள் கொடுத்தது மிளகுத் தண்ணீர். அவர்கள் அதில் கறியைச் சேர்த்து, 'முல்லிகடாவ்னி' என்று பெயரையும் மாற்றிச் சீமைக்குக் கொண்டு போனார்கள். எலும்பில்லாத சாறாகப் புறப்பட்டது, எலும்போடு ஊர் சுற்றியது.

இனி எங்கள் வீட்டுச் செய்முறை. முதல் நாள் தோல்விதான். கடற்பாசியை முக்கால் மணி நேரம் கொதிக்க விட்டுவிட்டோம். சாறு வழவழவென்று கசந்து, சிங்க்கில் கொட்ட வேண்டியதாயிற்று. மறுநாள் சரியாக வந்தது.

இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரில் ஒரு கைப்பிடி காய்ந்த காளான், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கடற்பாசி இரண்டையும் அரை மணி நேரம் ஊற வையுங்கள். கால் கிலோ முள்ளங்கியைப் பெரிய துண்டாக நறுக்கிச் சேருங்கள். நன்றாகக் கழுவிய பெரிய வெங்காயம் ஒன்றைத் தோலோடு நாலாக வெட்டிப் போடுங்கள். நடுத்தரத் தீயில் வைத்து, கொதி கிளம்பும்போதே கடற்பாசியை எடுத்துவிட வேண்டும். மற்றவை சிறுதீயில் இன்னும் அரை மணி நேரம். பிறகு வடிகட்டுங்கள். உப்பு சேர்க்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்தால் வேண்டும்போது இரண்டு கட்டி எடுத்துக்கொள்ளலாம். வெந்த காளானைப் பொரியலில் சேர்த்துவிடுங்கள்.

கடற்பாசி கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அதில் அயோடின் மிக அதிகம் என்பதால் தைராய்டு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். அதற்குப் பதில் பழுத்த தக்காளி இரண்டு போடுங்கள். தக்காளியிலும் குளுட்டமேட் உண்டு. காளானும் சீமைச் சரக்காக இருக்க வேண்டியதில்லை. நம் சந்தையில் கிடைக்கும் சிப்பிக் காளானைக் கிழித்து, நம் சேலத்து வெயிலில் மொறுமொறுப்பாகும் வரை காய வைத்தால் போதும்.

இப்போது எங்கள் வீட்டில் ரசமும் கூட்டும் இந்தத் தண்ணீரில்தான். வாரத்தில் இரண்டு நாள் கொள்ளுத் தண்ணீர். உப்பு பாதியாகக் குறைந்தும் மனைவி தட்டைக் காலி செய்கிறார். சென்ற வாரம் ரத்த அழுத்தம் 138/86. இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, சாற்றின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்து எழுத முடியாது. மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டோம். அவர் மறுபடி பசித்துச் சாப்பிடுகிறார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்த வரவு.

அன்பர்களே, ஒரு வேண்டுகோள். அம்மா ரசத்துக்கு எத்தனை பங்கு கொள்ளுத் தண்ணீர் ஊற்றினார் என்று நான் ஒருநாளும் கேட்டு வைக்கவில்லை. அக்காவுக்கும் கண்ணளவுதான் ஞாபகம். உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதைக் கடந்த பெரியவர்கள் இருந்தால், எந்தத் தண்ணீரை எதற்கு எடுத்து வைத்தார்கள் என்று அளவோடு கேட்டு எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த இதழில் பெயரோடு தொகுத்துப் போடலாம். முடவாட்டுக்கால் சூப்பில் கைதேர்ந்தவர் யாராவது நம் பிளாக்கில் இருந்தால், அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு டீக்குப் பதில் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.