முலாம் எட்டாத விளிம்பு

1943-இல் அமெரிக்கர்களின் கைக்கு வந்த ஒரு சென்ட் நாணயம் வெள்ளிபோல மின்னியது. லிங்கனின் முகம் மாறவில்லை. செம்பு மட்டும் போய் எஃகு வந்திருந்தது. காந்தத்தை அருகே கொண்டுபோனால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும்.

போர்க்காலம். தோட்டா உறைக்கே செம்பு போதவில்லை. சென்ட்டைப் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும்கூடச் செய்து பார்த்துவிட்டுத்தான் எஃகுக்கு வந்தார்கள். வெறும் எஃகு வியர்வை பட்டாலே துருப்பிடிக்கும். மேலே எதையாவது பூசியாக வேண்டும். எதைப் பூசுவது? நிக்கலும் போருக்குப் போய்விட்டது. ஐந்து சென்ட் நாணயத்தில் நிக்கலை எடுத்துவிட்டு 35 விழுக்காடு வெள்ளியைச் சேர்த்தார்கள் என்றால் நெருக்கடி எவ்வளவு என்று புரியும். கைக்கு எட்டியது துத்தநாகம்.

அதை மோசமான தேர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துத்தநாகம் இரும்பைவிடச் சீக்கிரம் அரிபடும். முலாமில் கீறல் விழுந்தாலும் முதலில் கரைவது அதுதான். தன்னை இழந்து இரும்பைக் காக்கும். செம்பும் நிக்கலும் இதற்கு நேர்மாறு. முழுதாக மூடியிருக்கும்வரை அருமையான கவசம். ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து ஈரம் புகுந்துவிட்டால், அந்த இடத்து இரும்பு முலாமே இல்லாத இரும்பைவிட வேகமாக அரித்துப்போகும்.

சென்ட்டைக் கெடுத்தது வேலையின் வரிசை. தகட்டுக்கு முதலில் முலாம் பூசிவிட்டு, அதன்பிறகு வில்லைகளாக வெட்டினார்கள். இரு முகங்களும் துத்தநாகம், சுற்று விளிம்பு முழுக்க வெறும் எஃகு. அவ்வளவு மெல்லிய பூச்சு எத்தனை நாள் அந்த விளிம்பைக் காக்கும்? ஓரத்தில் துரு ஏறியது, முகம் மங்கிக் கறுத்தது. பத்து சென்ட் என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம். போலிக் காசைக் காந்தத்தால் பிடிக்கும் விற்பனை இயந்திரங்களில் இந்த நல்ல காசும் மாட்டியது. 109 கோடிக்குச் சற்றே கூடுதலாக அடித்த கையோடு, 1944-இல் செம்புக்கே திரும்பிவிட்டார்கள்.

பிரிட்டன் 1992-இல் ஒரு பென்னி, இரண்டு பென்னி நாணயங்களை எஃகுக்கு மாற்றியபோது செம்பையே பூசியது. கனடா 2000 முதல் நிக்கலும் செம்பும் மாறி மாறி வரும் அடுக்குகளைத் தேர்ந்தது. அடுக்கின் தடிமனைக் கூட்டிக் குறைத்தால், நல்ல காசை இயந்திரம் இனங்காணும் மின்காந்த அடையாளத்தையே வேண்டியபடி அமைக்கலாம். இங்கெல்லாம் வில்லையை வெட்டிய பிறகுதான் முலாம். விளிம்பும் மூடிக்கொள்வதால், சின்ன ஓட்டையைக்கூடப் பொறுக்காத செம்பை எஃகின்மேல் நம்பிப் பூச முடிகிறது.

1943 சென்ட்டுகள் இன்றும் சேகரிப்பாளர்களிடையே கைமாறுகின்றன. பழைய பூச்சைக் கரைத்துவிட்டுப் புதிதாகத் துத்தநாகம் பூசிய காசுகளும் அவற்றில் நிறைய உண்டு. அப்படிப் பளிச்சென்று ஒன்று கண்ணில் பட்டால், லென்ஸை எடுத்து முதலில் ஓரத்தைப் பாருங்கள். அங்கேயும் முலாம் ஏறியிருந்தால் அது நாணயசாலையில் பூசியதல்ல.