டான்செட்: ஆங்கிலப் பிழைதிருத்தம்

தமிழ்நாட்டில் எம்.பி.ஏ. சேர்க்கைக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத்தேர்வில், எழுத்து ஆங்கிலத்தின் இலக்கணத்தையும் சொல்லாட்சியையும் சோதிக்கும் பகுதி ஒன்று உண்டு. காதை மட்டும் நம்பினால் இதில் சறுக்கத்தான் செய்யும். ‘ஒன் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்’ என்பது கேட்கச் சரியாகவே படும். பக்கத்திலிருக்கும் பன்மைதான் ஏமாற்றுகிறது. எழுவாய் ‘ஒன்’, ஆகவே ‘இஸ்’ வரவேண்டும். எழுவாயைத் தேடிப்பிடித்து வினையோடு பொருத்திப் பார்ப்பதே பயிற்சியின் பாதி. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும் என்பதால் குத்துமதிப்பு கைகொடுக்காது. மேலாண்மைப் படிப்புகளுக்கான பன்னாட்டு நுழைவுத்தேர்வான ஜிமேட், 2023 இறுதியில் வந்த புதிய வடிவில் வாக்கியத் திருத்த வினாக்களையே கைவிட்டுவிட்டது. ஆனாலும் அதன் பழைய பயிற்சி நூல்கள் டான்செட்டுக்கு இன்னும் உதவும்.